சேவலின் கால் முள்: எப்படி முளைக்கிறது, எதுவரை வெட்டலாம்?

[காட்சி: கட்டுத்தரையில் மேயும் சேவல். கேமரா மெதுவாகக் காலுக்கு இறங்குகிறது.]

வணக்கமுங்க. கொங்குப் பக்கம் வாரச்சந்தையில் சேவல் வாங்க வருகிறவர் முதலில் கொண்டையைப் பார்ப்பார். அடுத்து காலைத் தூக்கி முள்ளைப் பார்ப்பார். பார்த்ததும் வயசைச் சொல்லிவிடுவார். அந்த முள்ளுக்குள் என்ன இருக்கிறது, அது எப்படி வளர்கிறது என்றுதான் இந்த வீடியோவில் பார்க்கப்போகிறோம். முள் பெரிதாகிவிட்டது என்று குறடு வைத்துத் திருகிப் பிடுங்குகிறவர்கள் முழுசாகப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

[காட்சி: முள்ளின் குறுக்குவெட்டு வரைபடம்.]

காங்கேயம் காளையின் கொம்பை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே கெட்டியான கூடு, உள்ளே எலும்பு. சேவல் முள்ளும் அதே அமைப்புதான். மேலே தெரிவது நம் நகத்தில் இருக்கிற அதே கெரட்டின் என்ற பொருளால் ஆன உறை. அதற்குள்ளே கூம்பு வடிவத்தில் எலும்பு. அந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் உண்டு, வலியும் உண்டு. நுனியில் மட்டும்தான் எலும்பு இல்லாத வெறும் உறை.

குஞ்சாக இருக்கும்போது காலின் உள்பக்கம், பின்விரலுக்கு மேலே, மற்றச் செதில்களைவிடக் கொஞ்சம் தடித்த ஒரு சின்னப் புடைப்பு இருக்கும். பெட்டைக் குஞ்சுக்கும் அது இருக்கும். அதனால் அதை வைத்துச் சேவல், பெட்டை பிரிக்க முடியாது. மூன்று நான்கு மாதத்தில் சேவலுக்கு அது மொட்டு மாதிரி எழும்பும். உள்ளே எலும்பு உருவாகி, ஏழெட்டு மாதம் வாக்கில் கால் எலும்போடு ஒட்டத் தொடங்கும். அதன் பிறகு அது காலோடு காலாகிவிடுகிறது. ஆயுள் முழுக்க வளரும்.

முதல் வயதில் ஒன்றரை செ.மீ. அளவு, மூன்று வயதுக்கு மேல் 5 செ.மீ. வரைகூடப் போகலாம். ஆனால் இது தோராயம்தான். பெருவிடை, சிறுவிடை என்ற நாட்டுக்கோழி ரகங்களுக்கு வேகம் வேறு வேறு. கல்லும் மண்ணுமாகக் கிளறித் திரிகிற சேவலுக்கு நுனி தேயும். கூண்டிலேயே அடைபட்டதற்குத் தேயாது. எங்காவது அடிபட்டு மேலுறை கழன்றுபோனால் முள் திடீரென்று குட்டையாகத் தெரியும். ஆகவே முள்ளை மட்டும் பார்த்து வயசு சொன்னால் அதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

[காட்சி: சேவல், பெட்டை இரண்டின் கால்களும் பக்கத்தில் பக்கத்தில்.]

இப்போது இந்த விஷயத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. சேவலுக்கு முள் வருவது ஆண் ஹார்மோனால் என்றுதான் பலரும் நினைக்கிறோம். கொண்டைக்கு அது சரி. 1849இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பெர்த்தோல்டு என்பவர் சேவல் குஞ்சுகளின் விரைகளை எடுத்துவிட்டுப் பார்த்தார். கொண்டை சுருங்கியே இருந்தது, கூவலும் இல்லை. சிலவற்றின் வயிற்றுக்குள் விரையைத் திரும்ப வைத்தார். கொண்டை சிவந்து வளர்ந்தது, கூவவும் செய்தன.

முள்ளின் கணக்கு வேறு. விரை எடுத்த சேவலுக்கும் முள் வளர்கிறது! மாறாக, சினைப்பை எடுத்த பெட்டைக்குச் சேவல் மாதிரி இறகும் முள்ளும் வருகிறது. குடேல் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1916இல் இதையெல்லாம் விரிவாகப் பதிவு செய்தார். அதாவது, முள் வளர்வதுதான் இயல்பு. பெட்டையின் சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன்தான் அதை அடக்கி வைக்கிறது.

இது ஏதோ ஆய்வுக்கூடத்துச் சமாசாரம் என்று விட்டுவிடாதீர்கள். நம் ஊர்களில் பெட்டைக்கோழி கூவினால் வீட்டுக்கு ஆகாது என்று அன்றைக்கே அறுத்துவிடுகிற வழக்கம் உண்டு. கோழிக்குப் பொதுவாக இடது சினைப்பை ஒன்றுதான் வேலை செய்யும். நோயாலோ கட்டியாலோ அது கெட்டுப்போனால் ஈஸ்ட்ரோஜன் குறையும். முட்டை நிற்கும், முள் கிளம்பும், இறகு மாறும், சில கோழிகள் கூவவும் செய்யும். அது சகுனம் இல்லீங்க, உடம்புக் கோளாறு. பாவம், அந்தக் கோழி யாருக்கு என்ன கெடுதல் செய்தது? நன்றாக முட்டை வைக்கிற சில வயதான பெட்டைகளுக்கும் சின்ன முள் வரும். அதில் பயப்பட ஒன்றுமில்லை.

[காட்சி: வயலோரம் மயில், அதன் கால்.]

நம் தோட்டங்களில் இப்போது நிறையத் திரிகிற மயிலுக்கும், மேட்டுக்காட்டுக் கௌதாரிக்கும், சத்தியமங்கலம் காட்டுச் சேவலுக்கும் முள் உண்டு. எல்லாம் ஒரே குடும்பம். மற்ற ஆண்களோடு மோதத்தான் முள். அதற்காகச் சேவலை நாம் மோதவிடுவதை நான் ஏற்கமாட்டேன். விலங்குகளைத் தூண்டிச் சண்டையிட வைப்பது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

[காட்சி: துண்டில் சுற்றிய சேவல், அரம், நகவெட்டி.]

சரி, எப்போது முள்ளில் கை வைக்கலாம்? வளைந்து காலையே குத்தும்போது, நடை மாறும்போது, இணைசேரும்போது பெட்டையின் முதுகையும் விலாவையும் கிழிக்கும்போது. பெட்டையின் இறக்கையைத் தூக்கிப் பாருங்கள். காயம் அங்கேதான் மறைந்திருக்கும்.

பொழுது சாய்ந்து சேவல் அடைந்த பிறகு பிடித்தால் அடங்கியிருக்கும். ஒருவர் துண்டில் சுற்றிப் பிடிக்க, இன்னொருவர் நுனியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம். நாய்க்கு நகம் வெட்டும் கட்டர் போதும். அரம் இன்னும் பத்திரம். காலிலிருந்து குறைந்தது 2 செ.மீ. விட்டுவிடுங்கள். வெளிர்நிற முள்ளாக இருந்தால் டார்ச் அடித்துப் பாருங்கள், எலும்பு நிழலாகத் தெரியும். ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் நிற்கும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும்.

உறையைத் திருகிக் கழற்றினாலும், சூடான உருளைக்கிழங்கைச் சொருகி இளக்கிக் கழற்றினாலும் உள்ளே பச்சை எலும்பு திறந்துவிடும். வலியோடு ஈ மொய்த்துப் புண்ணாகும். சூடு காலையும் பொசுக்கும். தயவுசெய்து செய்யாதீர்கள். முள் ஏற்கெனவே காலுக்குள் குத்தி இறங்கியிருந்தால் வீட்டில் வெட்ட வேண்டாம். கால்நடை மருந்தகத்துக்கே தூக்கிப்போய்விடுங்கள்.

சேவல் மனிதரைக் குத்தினாலும் அலட்சியம் கூடாது. துளை சின்னதாகத் தெரியும், ஆழம் இருக்கும். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, டெட்டனஸ் ஊசி தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். குழந்தை என்றால் கண்ணுக்குப் பக்கத்தில் பட்டிருக்கிறதா என்று உடனே பாருங்கள்.