ஒரு வண்டி புத்தகத்துக்காக ஒரு உயிர்: கான்சஸ் கிரே கவுண்டியின் கதை

வணக்கம் நண்பர்களே! அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தின் தென்மேற்கில், கிரே கவுண்டியில் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) இருக்கும் சிமரான் ஊரிலிருந்து பேசுகிறேன். எனக்குப் பின்னால் தெரிவதுதான் மெயின் ஸ்ட்ரீட். அமைதியான ஊர், மக்கள்தொகை இரண்டாயிரத்தைச் சுற்றித்தான். ஆனால் 1889 ஜனவரி 12, சனிக்கிழமை காலையில், இந்தத் தெருவில் பட்டப்பகலில் துப்பாக்கிச் சண்டை நடந்தது. வங்கிக் கொள்ளையோ முன்பகையோ காரணம் இல்லை. கவுண்டியின் கணக்குப் புத்தகங்கள் எந்த ஊரில் இருக்க வேண்டும் என்பதுதான் தகராறு.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கவுண்டியின் தலைமையிடம் என்றால் வெறும் கௌரவம் என்று நினைத்துவிடாதீர்கள். நிலப் பத்திரம், வரி, வழக்கு எல்லாம் அங்கேதான். விவசாயி ஒரு பத்திரம் பதிய வேண்டும் என்றால் குதிரை வண்டி கட்டிக்கொண்டு அந்த ஊருக்குத்தான் போக வேண்டும். அங்கேயே தங்குவார், சாப்பிடுவார், சாமான் வாங்குவார். வக்கீல்களும் அங்கேதான் குடியேறுவார்கள். 1880களில் மேற்கு கான்சஸில் மழைக்குப் பின் காளான் மாதிரி ஊர்கள் முளைத்தன. அத்தனைக்கும் பிழைப்பு கிடையாது. தலைமையிடம் கிடைத்த ஊரில் மனை விலை ஏறும், கிடைக்காத ஊர் காலியாகிவிடும். அதனால்தான் இவ்வளவு வெறி.

கிரே கவுண்டி 1887இல் உருவானபோது சிமரான்தான் தற்காலிகத் தலைமையிடம். போட்டிக்கு வந்த ஊர் இங்கால்ஸ், மேற்கே கொஞ்ச தூரம்தான், காரில் பத்து நிமிடம்கூட ஆகாது. அந்த ஊருக்குப் பின்னால் இருந்தவர் ஏசா சோல். நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர்க்காரர், 'ஹாப் பிட்டர்ஸ்' என்ற மருந்தை விற்றே கோடீஸ்வரர் ஆனவர். ஆர்கன்சா ஆற்றிலிருந்து தண்ணீர் எடுத்து வறண்ட நிலத்துக்குப் பாய்ச்சுகிறேன் என்று 96 மைல் நீளத்துக்குக் கால்வாய் வெட்டினார். அந்தக் கால்வாய் ஆரம்பிப்பது இங்கால்ஸில். இங்கால்ஸ் தலைமையிடம் ஆனால் அவர் போட்ட பணத்துக்கு மதிப்பு கூடும், கணக்கு அவ்வளவுதான்.

அக்டோபர் 1887 தேர்தலில் பணம் தண்ணீராக ஓடியது. மான்டிசூமா என்ற ஊருக்கு, எங்களுக்கு ஓட்டுப் போடுங்கள், ரயில் பாதை போட்டுத் தருகிறேன் என்றார் சோல். சொன்னபடி போட்டும் கொடுத்தார். ஆனால் அது நிலைக்கவில்லை, சில ஆண்டுகளில் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டார்கள். சிமரான் பக்கமும் சுத்தம் இல்லை. 72 பேர் ரகசியச் சங்கம் வைத்து, எங்கள் ஓட்டு மொத்தமும் 10,000 டாலர் என்று விலை பேசினார்கள். சிமரான் தரப்பு பத்திரம் எழுதிக் கொடுத்தது. ஓட்டும் விழுந்தது. அப்புறம் பார்த்தால் பத்திரத்தில் இருந்த கையெழுத்துகள் போலி! வழக்கு கான்சஸ் உச்ச நீதிமன்றம் வரை போனது.

இப்படி இழுத்துக்கொண்டிருக்கும்போதுதான் அந்த ஜனவரிக் காலை. கவுண்டி கிளார்க், அதாவது கவுண்டியின் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி பதவிக்கு வந்திருந்தவர் இங்கால்ஸ் தரப்பைச் சேர்ந்த நியூட்டன் வாட்சன். அலுவலகப் புத்தகங்களை எடுத்துவர டாட்ஜ் சிட்டியிலிருந்து துப்பாக்கிக்காரர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். பில் டில்மன், ஜிம் மாஸ்டர்சன், நீல் பிரவுன் எல்லாரும் அந்தக் கூட்டத்தில் உண்டு. ஜிம், பேர்பெற்ற பேட் மாஸ்டர்சனின் தம்பி.

வண்டியைக் கட்டிடத்தின் முன்னால் நிறுத்தினார்கள். அலுவலகம் மாடியில். சிலர் மேலே போய்ப் புத்தகங்களை அள்ளிக்கொண்டு வந்து வண்டியில் போட, மற்றவர்கள் துப்பாக்கியோடு காவல் நின்றார்கள். விஷயம் தெரிந்ததும் ஊரே திரண்டது. கையில் கிடைத்த துப்பாக்கியோடு வந்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் சுட்டார்கள். வண்டி ஓட்டம் பிடித்தது. ஆனால் மேலே இருந்த சிலர் மாட்டிக்கொண்டார்கள்! கீழ்த்தளத்திலிருந்து ஊர்க்காரர்கள் கூரையைப் பார்த்துச் சுட, குண்டு மேல்தளத் தரையைத் துளைத்துக்கொண்டு வந்தது. பல மணி நேரம் கழித்துத்தான் அவர்கள் சரணடைந்தார்கள்.

ஜே. டபிள்யூ. இங்கிலிஷ் என்ற சிமரான்காரர் செத்துப்போனார். வேறு சிலருக்குக் காயம். ஆளுநர் மாநிலப் படையை அனுப்பினார். வழக்கும் நடந்தது, வந்தவர்கள் விடுதலையாகிவிட்டார்கள். இதுதான் எனக்கு ஆறாத கோபம். பேர்பெற்ற துப்பாக்கிக்காரர்கள் வந்துபோன சாகசமாகவே இந்தச் சண்டையைச் சொல்கிறார்கள். இங்கிலிஷ் பெயர் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. தன் ஊரின் பத்திரங்களைக் காக்க வாசலுக்கு வந்தவர் அவர். கதை அவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

புத்தகங்கள் இங்கால்ஸ் போய்ச் சேர்ந்தன, தலைமையிடமும் கூடவே போனது. ஆனால் சோல் 1890இல் இறந்துவிட்டார். கால்வாயிலும் எதிர்பார்த்த தண்ணீர் ஓடவில்லை. பணம் நின்றதும் இங்கால்ஸின் பலம் போய்விட்டது. 1893இல் தலைமையிடம் மறுபடி சிமரானுக்கே வந்தது. இன்றும் இங்கேதான். இங்கால்ஸ் சில நூறு பேரோடு இருக்கிறது. சோலின் கால்வாய்த் தடம் 50ஆம் நெடுஞ்சாலையை ஒட்டிச் சில இடங்களில் இன்னும் தெரியும். இந்தப் பக்கம் வந்தால் வண்டியை நிறுத்திப் பாருங்கள்.

இது கிரே கவுண்டிக்கு மட்டும் நேர்ந்ததும் இல்லை. தெற்கே ஸ்டீவன்ஸ் கவுண்டியில் ஹ்யூகோட்டனும் வுட்ஸ்டேலும் மோதியதில் 1888 ஜூலையில் ஷெரிப் உட்பட நான்கு பேரைச் சுட்டுக் கொன்றார்கள். நடந்த இடம் எந்த நீதிமன்றத்தின் எல்லை என்ற கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. வுட்ஸ்டேல் ஊரே இப்போது இல்லை. அடுத்த வீடியோ அங்கிருந்துதான். கேள்வி இருந்தால் கமெண்டில் போடுங்கள், படித்துவிட்டுப் பதில் சொல்கிறேன்.