பிசிறு

கோவை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நான் எழுதிக்கொண்டிருக்கும் நாவலைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி, ஆண்டு 1996, பதினாறு வயதில் இரண்டு பெண்கள், அவர்களுக்கு நடுவே கடல் தாண்டி வந்த ஒரு முரட்டு இசை. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு என்று நினைப்பீர்கள். என் அத்தையும் அப்படித்தான் நினைத்தார். "ஏன் கண்ணு, கல்யாணம் காட்சி என்று வருகிற மாதிரி எழுதக் கூடாதா?" என்று கேட்டார். கல்யாணம் வருகிறது. சிக்கலே அதுதான்.

முதலில் அந்த இசையைச் சொல்லிவிடுகிறேன். 1970களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் பங்க் என்ற பெயரில் ஒரு ராக் இசை கிளம்பியது. பாட்டு இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். கித்தாரில் மூன்று கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு, தெரிந்தால் போதும். 1977 ஜனவரியில் இங்கிலாந்தில் ரசிகர்கள் நடத்திய ஒரு சிறுபத்திரிகை, அந்த மூன்று கார்டுகளையும் கையால் வரைந்து காட்டிவிட்டு, இனி நீங்களே ஒரு குழுவைத் தொடங்குங்கள் என்று எழுதியது. நம் பக்கம் பாட்டு என்றால் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், பிறகு ஒருநாள் அரங்கேற்றம். கும்மிக்குக்கூட ஆசிரியர் வைத்துப் பழகுகிறோம். பங்க் இசைக்காரர்கள் மேடையில் ஏறிவிட்டு அப்புறம் கற்றுக்கொண்டார்கள். சிலர் கடைசிவரை கற்றுக்கொள்ளவே இல்லை என்பதும் உண்மை. எல்லாம் காதுக்கு இனிமை என்று நான் பொய் சொல்லப்போவதில்லை.

ஆனால் கதவு அப்படித் திறந்து கிடந்ததால் சின்னப் பெண்கள் உள்ளே வந்தார்கள். தி ஸ்லிட்ஸ் என்ற குழுவில் பாடகியாகச் சேர்ந்தபோது ஆரி அப்புக்கு வயது 14. எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் குழுவில் பாடியவர் பாலி ஸ்டைரீன். அப்பா சோமாலியாக்காரர், பல்லில் கம்பியோடு மேடையேறியவர். சாக்ஸபோன் வாசித்த லோரா லாஜிக் அப்போது பள்ளி மாணவி. 1977இல் வந்த அவர்களுடைய முதல் இசைத்தட்டின் தொடக்கத்தில், சின்னப் பெண்கள் கண்ணுக்குத் தெரியலாம், காதுக்குக் கேட்கக் கூடாது என்று சிலர் நினைக்கிறார்கள் என்பதைப் பாலி பூனை மாதிரி சாதுவாகச் சொல்வார். அடுத்த நொடி அலறுவார். புகையிலை விளையும் நம் கோபி, பவானிப் பக்கம் இதற்கு விளக்கவுரை தேவையில்லை. 'பெண் சிரித்தால் போயிற்று, புகையிலை விரித்தால் போயிற்று' என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இந்த ஒரு விஷயத்தில் வெள்ளைக்காரருக்கும் நமக்கும் நல்ல ஒற்றுமை.

என் நாவலில் மயிலாவும் சாந்தியும் செக்கிங் மேசையில் பிசிறு வெட்டுகிறார்கள். கையில் டிரிம்மர், மடியில் பனியன். கழுத்துப் பட்டியைத் திருப்பிப் பார்த்து, தோள் மூட்டைத் திருப்பிப் பார்த்து, அடிமடிப்பை விரலால் நீவி, தொங்குகிற நூலை வெட்டிவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். காலை எட்டரைக்கு உட்கார்ந்தால், ஒன்றரை ஷிப்ட் நாட்களில் இரவு எட்டரைக்குத்தான் எழுந்திருக்க முடியும். மூக்கில் பஞ்சு. ஜன்னலைத் திறந்தால் அன்றைக்கு எந்தச் சாயமோ அந்த நிறத்தில் நொய்யல் ஆறு. பனியனின் நெஞ்சில் என்னென்னவோ ஆங்கிலப் பெயர்கள், முகங்கள், மண்டையோடுகள். அச்சு கோணலாகிவிட்டால் அது ரிஜெக்ட், திருப்பூரின் மலிவுத் துணிச் சந்தையான காதர்பேட்டைக்குப் போய்விடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மயிலா அப்படி ஒரு கோணல் மண்டையோட்டைக் காதர்பேட்டையில் விலைக்கு வாங்கி, ஜாக்கெட்டுக்குப் பதிலாக அதைப் போட்டுக்கொண்டு மேலே தாவணி உடுத்தி வேலைக்கு வருகிறாள். சாந்தியின் அண்ணன் கோவையில் படிக்கிறான். பனியனில் இருந்த பங்க் குழுவின் பெயரைச் சொல்லிக் கேட்டதும் அவர்களுடைய பாட்டை ஒரு கேசட்டில் பதிந்து கொண்டுவருகிறான். சொற்கள் ஒன்றும் விளங்கவில்லை. கோபம் விளங்குகிறது.

அதிலிருந்து அவர்களைப் பிரிக்க முடிவதில்லை. அந்த வயதுப் பெண்களின் நட்பு எவ்வளவு மூர்க்கமானது என்று பெண்களுக்குத் தெரியும். ஒருத்தி வேறொருத்தியோடு டீ குடித்தால் மற்றவள் அன்று முழுவதும் பேச மாட்டாள். ஒரே மாதிரி வகிடு எடுப்பார்கள். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மற்றவளும் லீவு.

இது வெளிநாட்டிலிருந்து நான் இறக்குமதி செய்த விஷயம் இல்லை. அகநானூற்றின் பன்னிரண்டாம் பாட்டில் கபிலர் இதை எழுதிவிட்டார். தாய்க்கு இவள் கண்ணைவிட உயிர்; தந்தை இவள் பாதம் மண்ணில் படப் பொறுக்கமாட்டார்; நாங்கள் இருவருமோ 'இருதலைப் புள்ளின் ஓர் உயிரம்மே' என்று தோழி சொல்கிறாள். இரண்டு தலை, ஓர் உயிர். இதைவிட உக்கிரமாக நட்பைச் சொன்ன வரி எனக்குத் தெரியாது. ஆனால் தோழி இதை யாரிடம் சொல்கிறாள் என்று பாருங்கள். தலைவனிடம். மலைநாட்டவனே, இரவில் நீ வந்தால் இவள் உயிர் வாழ மாட்டாள் என்று சொல்ல வந்த இடத்தில் சொல்கிறாள். சங்கப் பாடல்களில் ஓயாமல் பேசுகிறவள் தோழி. அவளுக்குப் பெயர் கிடையாது. தொல்காப்பியம் 'தோழி தானே செவிலி மகளே' என்று அவளுடைய உறவைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. தலைவிக்கு மணமான பின்னும் பாட்டில் வருகிறாள், அப்போதும் அந்த வீட்டுச் சண்டையைத் தீர்க்கத்தான் வருகிறாள். ஓர் உயிரில் பாதி கல்யாணமாகிப் போனபோது மீதிப் பாதிக்கு என்ன நேர்ந்தது என்று எந்தப் புலவரும் கேட்டதாக எனக்குப் படவில்லை.

நான் கேட்கப் பார்க்கிறேன். நாவலில் ஆயுத பூஜை அன்று மிஷின்களைத் துடைத்துப் பொட்டு வைத்து, பொரி கடலை கொடுத்து, மைக் செட் போடுகிறார்கள். ஒவ்வொரு பிரிவிலும் யாராவது சினிமாப் பாட்டுப் பாடுகிறார்கள். மயிலாவும் சாந்தியும் கட்டிங் மேசையைத் தட்டி, தாங்களே கட்டிய பாட்டைக் கத்துகிறார்கள். அதில் காதலன் கிடையாது. பாக்கி வைத்திருக்கிற ஓவர்டைம் கூலி இருக்கிறது, கக்கூஸுக்குப் போனால் நேரம் பார்க்கிற சூப்பர்வைசர் இருக்கிறார். இரண்டாவது நிமிடத்தில் மைக்கை நிறுத்திவிடுகிறார்கள். அவர்கள் நிறுத்துவதில்லை. அந்த வாரமே மயிலாவின் வீட்டுக்குச் செய்தி போகிறது. தை பிறந்ததும் காங்கேயத்தில் கல்யாணம்.

இருவரையும் கடைசியில் சேர்த்துவைக்கும்படி, இதுவரை எழுதியதைப் படித்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். நிஜத்தில் அப்படி நடந்திருக்கிறது. முதல் இசைத்தட்டுக்குப் பின் லோரா லாஜிக் எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் குழுவில் இல்லை. பிறகு அவரும் பாலியும் ஹரே கிருஷ்ணா இயக்கத்தில் சேர்ந்தார்கள். 1995இல் மீண்டும் ஒரே இசைத்தட்டில் வாசித்தார்கள். கதையில் எழுதியிருந்தால் நம்ப மாட்டீர்கள். நான் சேர்க்கப்போவதில்லை. என் கதையைச் சொல்கிறவள் சாந்தி. சாந்தி ஒருமுறை காங்கேயத்துக்குப் போகிறாள். மாமியார் நல்லவர், காபி கொடுக்கிறார், ஆனால் திண்ணையை விட்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறார். மயிலா வாசல்வரை வந்து, குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு, இன்னும் பிசிறுதான் வெட்டுகிறாயா என்று கேட்கிறாள். ஓவர்லாக் தையல் மிஷினுக்கு மாறிவிட்டேன் என்று சாந்தி சொல்கிறாள். எழுதியவரை கதை இங்கேதான் நிற்கிறது. வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.