தோற்றவர்களைப் பாடும் நாடு

நடுவர் அவர்களே, அவையோரே, எல்லோருக்கும் வணக்கம். கனடாவின் முகம் தெரிவது நாட்டார் பாட்டிலா, பனி ஹொக்கியிலா என்பது கேள்வி. நான் பாட்டின் பக்கம்.

எனக்கு முன்னால் பேசிய அக்கா 1972 ஹொக்கித் தொடரை நினைவுபடுத்தினார். சோவியத் அணிக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் போல் ஹென்டர்சன் போட்ட கோலுக்கு நாடே துள்ளியது என்றார். உண்மைதான். ஆனால் வென்றபோது துள்ளாத நாடு எது அக்கா? வெற்றியில் எல்லா நாட்டுக்கும் ஒரே முகம்தான்.

1967-இல் கனடாவுக்கு நூறு வயது. அந்தக் கொண்டாட்டத்துக்காக, நாட்டைக் குறுக்கே இணைத்த ரயில் பாதையைப் பற்றி ஒரு பாட்டு வேண்டும் என்று கனடாவின் அரசு வானொலியான சி.பி.சி கேட்டது. கேட்டது பாடகர் கோர்டன் லைட்ஃபுட்டிடம். ஒரில்லியாவில் பிறந்தவர், அப்போது 28 வயது. பிறந்தநாள் பாட்டு என்றால் தலைவர்களைப் புகழலாம், எஞ்சினைப் புகழலாம். அவரோ தண்டவாளத்துக்கு முந்திய காட்டில் தொடங்குகிறார். நிஜம்தானா என்று ஐயப்படவைக்கும் அமைதி அந்தக் காட்டுக்கு. நடுவில் சுத்தியலும் வியர்வையுமாகப் பாதை போடுகிறவர்கள் வருகிறார்கள். கடைசியில், காட்டின் அமைதிக்குச் சொன்ன அதே சொற்களை, செத்துப்போன தொழிலாளர்களின் அமைதிக்குச் சொல்லி முடிக்கிறார். அரசு வானொலி கேட்ட விழாப் பாட்டு இப்படி முடிகிறது! நான் இதை எத்தனை தடவை கேட்டிருப்பேனோ, அந்த இடம் வந்தால் இன்றைக்கும் கையில் இருக்கிற வேலையை நிறுத்திவிடுவேன். அந்தப் பாதையில் மாண்ட சீனத் தொழிலாளர்களை அவர் பெயர் சொல்லிப் பாடவில்லை. அது குறைதான், ஒத்துக்கொள்கிறேன்.

அப்புறம் ஸ்டான் ரொஜர்ஸ் என்ற பாடகர். வாத்தியம் எதுவும் இல்லாமல், வெறும் குரல்களால், கனடாவின் வடக்கே பனிக்கடல் ஊடாகப் போகும் வடமேற்குக் கடல்வழியைப் பாடினார், 1981-இல். 1845-இல் அந்த வழியைத் தேடிப் போன ஃபிராங்க்ளின் குழுவில் 129 பேர் மாண்டார்கள், ஒருவரும் திரும்பவில்லை. ரொஜர்ஸின் அந்தப் பாட்டை இன்னொரு தேசிய கீதம் போலக் கூட்டம் கூடிப் பாடுகிறது இந்த நாடு. 33 வயதில் விமானத் தீ விபத்தில் போய்விட்டார் அந்த மனிதர். நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை.

எதிரணித் தம்பி, "மெட்டெல்லாம் ஸ்கொட்லாந்து, அயர்லாந்து, பிரான்ஸ் சரக்கு, இதில் கனடா எங்கே?" என்று கேட்டார். தம்பி, மெட்டு கப்பலேறி வந்தது, சரி. பாட்டு இங்கேதான் வேர் பிடித்தது. ஹெலன் கிரெய்ட்டன் என்ற பெண்மணி 1928-இலிருந்து நோவா ஸ்கோஷியாவின் மீனவர் வீடுகளுக்கு, ஒரு சிறு ஆர்மோனியப் பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார். 4000-க்கும் மேற்பட்ட பாடல்களைச் சேகரித்தார். கரையிலும் படகிலும் பாடப்படாவிட்டால் அத்தனை பாட்டும் அவருக்குக் கிடைத்திருக்குமா?

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. இந்த ஊருக்கு வந்த முதல் குளிர்காலத்தில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினேன். சமையலறை வானொலியில் ஒரு பிரெஞ்சுப் பாட்டு வந்தது. ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனால் கை நின்றுவிட்டது. கூட வேலை செய்த கியூபெக்காரர் பொருள் சொன்னார். பிரித்தானிய ஆட்சிக்கு எதிராக இங்கே நடந்த 1837, 38 கிளர்ச்சிகள் தோற்றபின் நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர்களைப் பற்றி 1842-இல் எழுதிய பாட்டாம். நாடிழந்த ஒருவன் ஆற்றங்கரையில் உட்கார்ந்து, ஓடும் நீரிடம் சொல்கிறான்: என் நாட்டைக் கண்டால், என் நண்பர்களிடம் சொல், நான் அவர்களை மறக்கவில்லை என்று. நாரையைத் தூது விட்ட புலவரின் மொழியில் பிறந்தவன் நான். ஊரை விட்டுவந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அந்தப் பாட்டு என்னை என்ன செய்திருக்கும் என்று இந்த அவைக்குச் சொல்லத் தேவையில்லை.

கடைசியாக ஒன்று. 1975 நவம்பரில் சுப்பீரியர் ஏரியில் ஒரு சரக்குக் கப்பல் மூழ்கி 29 பேர் இறந்தார்கள். அது அமெரிக்கக் கப்பல். அவர்களைப் பாடியவர் நம்முடைய லைட்ஃபுட். கப்பலின் சரக்கறை மூடி உடைந்து போனதாக அந்தப் பாட்டில் ஒரு வரி உண்டு. பல ஆண்டுகள் கழித்து, அந்த மூடி விஷயத்தில் பணியாளர்கள் மேல் தவறில்லை என்று ஒரு புதிய ஆய்வு சொன்னது. உலகமே மனப்பாடமாக வைத்திருந்த அந்த வரியை, 2010 முதல் மேடையில் மாற்றிப் பாடினார், இறந்தவர்களின் வீட்டார் மனம் நோகக் கூடாது என்று.

கப்பல் மூழ்கியபோது டெட்ராய்ட்டின் மாலுமிகள் தேவாலயத்தில் 29 முறை மணி அடித்தார்கள். 2023 மே மாதம் லைட்ஃபுட் மறைந்தபோது அதே மணி 30 முறை ஒலித்தது.

தீர்ப்பு உங்கள் கையில், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.