செவுளில் படியும் வெள்ளி

பெரியோர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

மீன் வாங்கும்போது நம் அண்ணாச்சிமார் முதலில் செவுளைத்தான் தூக்கிப் பார்ப்பார்கள். சிவப்பாக இருந்தால் பைக்குள் போகும். வெள்ளி நானோத் துகள்கள் மீனை என்ன செய்கின்றன என்று பார்க்க, ஆய்வுக்கூடத்தில் நாங்களும் செவுளில்தான் தொடங்குகிறோம்.

நானோத் துகள் என்றால் 1 முதல் 100 நானோமீட்டர் அளவுள்ளது; ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கு போட்டால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். ஒரு சென்டிமீட்டர் கனசதுர வெள்ளிக்கட்டிக்கு மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 10 நானோமீட்டர் கட்டிகளாக உடைத்தால் 600 சதுர மீட்டர், ஏறக்குறைய 15 சென்ட் மனை! எடை அதேதான், தண்ணீரில் படும் பரப்புதான் பெருகிவிட்டது. அந்தப் பரப்பு முழுவதிலிருந்தும் வெள்ளி அயனி, அதாவது மின்னூட்டம் பெற்ற வெள்ளி அணு, கசியும். நாற்றம் வராத காலுறை என்று விற்கிறார்களே, அவற்றில் சிலவற்றில் இருப்பது இந்த வெள்ளிதான். துவைக்கத் துவைக்கக் கழன்று சாக்கடைக்குப் போகும்.

செவுள் இழைகளில் மெல்லிய தகடுகள் வரிசையாக நிற்கும். துகள் பட்டதும் மீன் சளியைச் சுரந்து தடுக்கப் பார்க்கும். அதையும் மீறினால் தகட்டின் மேல்தோல் விலகி எழும்பும், செல்கள் பெருகும், பக்கத்துத் தகடுகள் ஒட்டிக்கொள்ளும். மூச்சு முட்டும். அதைவிட மோசம் உப்பு விஷயம். நன்னீர் மீன் தண்ணீரிலுள்ள சோடியத்தைச் செவுள் வழியாக இழுத்துத்தான் உயிர் வாழ்கிறது; அந்த வேலையைச் செய்யும் நொதியை வெள்ளி அயனி முடக்கிவிடும். உடம்பிலுள்ள உப்பு கரைந்துபோயே மீன் சாகும். இரத்தத்தில் கலந்த உலோகம் கல்லீரலில் சேர்கிறது. அங்கே செல்களுக்குள் குமிழ்கள் தோன்றும், சில செல்கள் அழியும்.

நம் தாமிரபரணியில் இதே துகள் இடத்துக்கு இடம் வேறு விதமாக நடந்துகொள்ளும். பாபநாசத்தில் மலையிலிருந்து இறங்கும் நீரில் உப்பு குறைவு. துகள் எளிதில் திரளாது, மிதந்துகொண்டே செவுளுக்கு வரும். புன்னைக்காயலில் கடல்நீர் கலந்ததும் துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு சேற்றில் படியும். அங்கே அடிபடுவது சேற்றைக் கிளறி மேயும் மீனும் சிப்பியும். ஆகவே தண்ணீரை மட்டும் மொண்டு சோதித்தால் போதாது, சேற்றையும் அள்ள வேண்டும் என்பது என் கட்சி.

இதைக் கேட்டு யாரும் மீன் குழம்பை நிறுத்திவிடாதீர்கள். ஆய்வுத் தொட்டிகளில் பெரும்பாலும் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் போடுகிறோம். ஆறுகளில் எதிர்பார்க்கப்படும் அளவு அதைவிடப் பல ஆயிரம் மடங்கு குறைவு. சாக்கடையில் பெரும்பகுதி வெள்ளி கந்தகத்தோடு சேர்ந்து வீரியமும் இழந்துவிடுகிறது. மீனிலும் உலோகம் கல்லீரல், செவுள், சிறுநீரகத்தில் சேருமளவுக்குச் சதையில் சேர்வதில்லை. குடலோடு முழுசாகச் சமைக்கிற அயிரையைத்தான் தனியாகச் சோதிக்க வேண்டும்.

மேசையில் இரண்டு நுண்ணோக்கிகள் இருக்கின்றன. இடது பக்கம் நல்ல செவுள், வலது பக்கம் வெள்ளித் துகள் போட்ட தொட்டியில் இருந்த மீனின் செவுள். ஊதாவாகத் தெரிவது செல்லின் கரு. பிள்ளைகள் முதலில் வாருங்கள்.