சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லையா?

வணக்கம் நேயர்களே. மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் அம்பாசடர் கார் தயாரிப்பு 2014இல் நின்றுபோனது. ஆனாலும் அதைக் கண்ணும் கருத்துமாக வைத்து ஓட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த வண்டியில் ஒருநாள் சாவியைத் திருப்பியும் செல்ஃப் (எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் மோட்டார்) எடுக்கவில்லை என்றால், உடனே வரும் தீர்ப்பு 'இக்னிஷன் சுவிட்ச் போச்சு' என்பதுதான். புது சுவிட்ச் போட்ட பிறகும் அதே தொல்லை தொடர்வதுண்டு. எனவே காசு செலவழிக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். கார்புரேட்டர், பாயிண்ட் (தீப்பொறிக்காகக் காயிலின் கரண்டை விட்டுவிட்டுத் துண்டிக்கும் காண்டாக்ட்) உள்ள மற்றப் பழைய கார்களுக்கும் இது பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கியரை நியூட்ரலில் வையுங்கள். ஹெட்லைட்டை எரியவிட்டுச் சாவியை ஸ்டார்ட் நிலைக்குத் திருப்புங்கள். பெரும்பாலான பழைய வண்டிகளில் ஹெட்லைட்டுக்கு வரும் கரண்ட் இந்தச் சுவிட்ச் வழியாக வருவதில்லை. அதனால்தான் அது நல்ல சாட்சி. லைட் அடியோடு மங்கினால் பேட்டரியையும் அதன் டெர்மினல்களையும் பாருங்கள். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். செல்ஃப் சுற்றும்போது 9.6க்குக் கீழே இறங்கக் கூடாது. லைட் கொஞ்சமும் மங்காமல், 'டக்' என்ற சத்தமும் வராவிட்டால், செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டை இணைத்துவிடும் சாலிநாய்டுக்குக் கரண்ட் போய்ச் சேரவில்லை. அப்போதுதான் சுவிட்ச் மேல் சந்தேகம் வர வேண்டும்.

இன்னொரு கோளாறு ஆளைக் குழப்பும். செல்ஃப் சுற்றும்போது எஞ்சின் பிடிக்கும், சாவியை விட்டதும் நின்றுவிடும். கார்புரேட்டரைக் கழற்றி மேய்ந்துவிட்டு, கடைசியில்தான் சுவிட்சுக்கு வருவார்கள். சாவி ஸ்டார்ட் நிலையில் இருக்கும்போது காயிலுக்கு (பிளக்கின் தீப்பொறிக்கு வேண்டிய உயர் வோல்ட்டை உண்டாக்குவது) கரண்ட் ஒரு காண்டாக்டில் போகும். சாவி திரும்பி 'ஆன்' நிலைக்கு வந்ததும் வேறு இடத்தில் தொடும். அந்த இரண்டாவது இடம் தேய்ந்தோ கருகியோ இருந்தால் எஞ்சின் உடனே அணைந்துவிடும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து பியூஸ் வைத்த ஒரு ஒயரைக் காயிலின் பாசிட்டிவ் முனையில் கொடுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். எஞ்சின் நிற்காமல் ஓடினால் குறை சுவிட்சிலோ, அதிலிருந்து காயில் வரை உள்ள வழியிலோ இருக்கிறது. சில வண்டிகளில் இந்த வழியில், காயிலுக்குப் போகும் கரண்டைக் குறைக்கும் பேலஸ்ட் ரெசிஸ்டர் இருக்கும். அது அறுந்தாலும் இதே அறிகுறிதான் வரும். அத்தகைய வண்டியை இந்த ஒயரில் சில விநாடிக்கு மேல் ஓடவிட வேண்டாம், காயில் சூடாகிவிடும். இந்த நிலையில் சாவியை ஆஃப் செய்தால் எஞ்சின் நிற்காது, ஒயரை எடுத்தால்தான் நிற்கும்.

ஓடும்போது திடீரென்று அணைந்தால், அந்த நொடியில் டேஷ்போர்டைப் பாருங்கள். சார்ஜ் விளக்கும் ஆயில் விளக்கும் எரிந்தால் சுவிட்ச் வேலை செய்கிறது. காயில், பாயிண்ட், பெட்ரோல் பக்கம் போங்கள். விளக்குகள் இருண்டு, பெட்ரோல் முள்ளும் கீழே விழுந்தால் சுவிட்ச் காண்டாக்ட் விட்டிருக்கிறது. குண்டு குழியில் இறங்கும்போது இப்படி ஆகிறதா? சாவிக்கொத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். வீட்டுச் சாவி, பீரோ சாவி, சாமி படம் என்று கால் கிலோ தொங்கினால் பூட்டு தேயாமல் என்ன செய்யும்?

இனி மீட்டர். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். மல்டிமீட்டரை 'பீப்' நிலையில் வைத்துச் சுவிட்சைத் தொட்டால் நன்றாகவே சத்தம் வரும். அதற்குத் தேவைப்படும் கரண்ட் மிகக் குறைவு, மயிரிழை தொட்டிருந்தாலே போதும். அதே இழை சாலிநாய்டு இழுக்கும் கரண்டைத் தாங்காது. எல்.இ.டி. டெஸ்டரும் இதே பொய்யைச் சொல்லும். இண்டிகேட்டரில் போடும் 21 வாட் பல்பில் இரண்டு ஒயர் பற்றவைத்து, அதை டெஸ்ட் லேம்பாக வைத்துக்கொள்ளுங்கள். சுவிட்சிலிருந்து காயிலுக்குப் போகும் முனைக்கும் எர்த்துக்கும் (வண்டியின் உலோகப் பாடி) நடுவில் அது முழு வெளிச்சத்தில் எரிய வேண்டும்.

அளவாகத் தெரிய வேண்டுமென்றால் மீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வையுங்கள். சிவப்பு முனையைச் சுவிட்சுக்குப் பேட்டரி கரண்ட் வரும் இடத்திலும், கறுப்பு முனையைக் காயிலுக்குப் போகும் இடத்திலும் வைத்துச் சாவியை ஆன் செய்யுங்கள். பாயிண்ட் மூடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் காயில் கரண்ட் எடுக்காது. 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் சுவிட்ச் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் காண்டாக்ட் கெட்டிருக்கிறது. முழு 12 வோல்ட் காட்டினால் உள்ளே தொடவே இல்லை. ஸ்டார்ட் முனைக்கும் இதேபோல், உதவிக்கு ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லிப் பாருங்கள்.

கார் மின்பாகங்கள் செய்த பிரிட்டிஷ் நிறுவனமான லூகாஸின் வழக்கப்படி பேட்டரியிலிருந்து வருவது பழுப்பு ஒயர், காயிலுக்கு வெள்ளை, சாலிநாய்டுக்கு வெள்ளையில் சிவப்புக் கோடு. ஆனால் முப்பது வருடத்தில் எத்தனை கைகள் அதைத் தொட்டிருக்குமோ! நிறத்தை நம்பாமல் விளக்கை நம்புங்கள். முனைகளில் பிளாஸ்டிக் பழுத்து நிறம் மாறியிருந்தால், கெட்டது பல நேரம் சுவிட்ச் அல்ல, ஒயர் நுனியில் இருக்கும் தளர்ந்த லக்குதான். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, லக்கைக் குறடால் லேசாக நெருக்கிப் போட்டுவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

சாவி மட்டும் இறுக்கமாகத் திரும்பினால் பூட்டுக்குள் எண்ணெய் விடாதீர்கள், தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். கிராஃபைட் தூள் போதும். நகலுக்கு நகல் எடுத்த சாவியாக இருந்தால் ஒரிஜினலைத் தேடி எடுத்துப் பாருங்கள். ஸ்டார்ட் செய்த பின் சாவி தானாகத் திரும்பாமல், செல்ஃப் கரகரவென்று சுற்றிக்கொண்டே இருந்தால் சாவியைக் கையால் பின்னுக்குத் திருப்புங்கள். அப்படியும் நிற்காவிட்டால் பேட்டரி ஒயரைக் கழற்ற வேண்டியதுதான். தாமதித்தால் செல்ஃப் மோட்டார் கருகிவிடும்.

புது சுவிட்சும் சீக்கிரம் கருகாமல் இருக்க, நான்கு முனை 12 வோல்ட் ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டை இணைக்கும் சுவிட்ச்) ஒன்றைச் சேர்ப்பது நல்லது. சுவிட்சிலிருந்து சாலிநாய்டுக்குப் போன ஒயரை எடுத்து ரிலேயின் 86ஆம் முனையில் கொடுங்கள், 85ஐ எர்த்தில். பேட்டரியிலிருந்து 30 ஆம்பியர் பியூஸ் வழியாக வரும் 4 சதுர மில்லிமீட்டர் ஒயரை 30ஆம் முனையிலும், சாலிநாய்டுக்குப் போவதை 87இலும் பூட்டுங்கள். சாலிநாய்டின் சுமையை இனி ரிலே தாங்கும், ஸ்டார்ட் காண்டாக்டில் கால் ஆம்பியர்கூட ஓடாது. சுவிட்சை ஒதுக்கிவிட்டுத் தனியே ஒரு டாகிள் சுவிட்சும் புஷ் பட்டனும் வைப்பது வேறு விஷயம். அப்போதைக்குக் காரியம் ஆகும், ஆனால் டாகிளை அணைக்க மறந்தால் பாயிண்ட் மூடியபடி காயில் இரவு முழுக்கச் சுட்டுக்கொண்டிருக்கும்.

வணக்கம்.