முள்ளுக்குக் கீழே இருக்கும் பலகை

நேயர்களுக்கு வணக்கம். வீட்டில் இசைத்தட்டு கேட்பவர்கள் ஒரு சோதனை செய்து பாருங்கள். தட்டு சுற்றாமல் நிற்கட்டும். முள்ளை மெதுவாக அதன்மேல் இறக்கி, வழக்கமாகக் கேட்கும் அளவுக்கு ஒலியை வையுங்கள். இப்போது அலமாரிப் பலகையை விரல் முட்டியால் லேசாகத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் ‘டொம்’ என்று கேட்டால், இத்தனை நாளும் பாட்டோடு சேர்த்து அலமாரியையும் கேட்டு வந்திருக்கிறீர்கள்.

முள்ளின் வேலையே அதிர்வைப் படிப்பதுதான். அந்த அதிர்வு தட்டின் பள்ளத்திலிருந்து வந்ததா, ஸ்பீக்கரிலிருந்து பலகை வழியாக ஏறி வந்ததா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அதனால் என் கவலையெல்லாம் தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளைப் பற்றித்தான். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயருக்குக் காற்றோட்டம் இருந்தால் போதும். வால்வு ஆம்ப்ளிஃபயர் என்றால் கொஞ்சம் கவனம் வேண்டும்.

பலகையைத் தேர்ந்தெடுக்கக் காதே போதும். கண்ணாடியைத் தட்டினால் ‘டிங்’ என்று நீளும். கிரானைட் கனமானதுதான், ஆனால் அதுவும் ரீங்கரிக்கும். அடியில் ரப்பர் விரித்தால் அடங்கும். மர இழைகளை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை தடித்ததாக இருந்தால் ‘தொப்’ என்று அப்போதே அடங்கிவிடும். நான் அதைத்தான் சொல்வேன்.

அப்புறம், அதிர்வைத் தடுக்க டர்ன்டேபிளுக்கு அடியில் வைக்கும் ரப்பர் அல்லது ஸ்பிரிங் பாதங்கள். நான் முதலில் வாங்கிய ரப்பர் பாதங்கள் மிகக் கனமான கருவிகளுக்கானவை. என் டர்ன்டேபிளின் எடைக்கு அவை அமுங்கவே இல்லை. அமுங்காத ரப்பர் வெறும் கட்டைதான். கணக்கு எளிது: சுமையில் 1 சென்டிமீட்டர் அமுங்கும் ஸ்பிரிங்கின் இயல்பு அதிர்வெண் (தானாக ஆடும்போது நொடிக்கு எத்தனை முறை ஆடும் என்ற எண்) சுமார் 5 ஹெர்ட்ஸ், 1 மில்லிமீட்டர்தான் அமுங்கினால் சுமார் 16. அந்த எண்ணைப்போல் 1.4 மடங்கைத் தாண்டிய அதிர்வுகள்தான் தடுக்கப்படும். அந்த எண்ணை ஒட்டி வருபவை குறைவதற்குப் பதிலாகக் கூடிவிடும். முள்ளைத் தாங்கும் கைக்கே 8 முதல் 12 ஹெர்ட்ஸ் வரை ஓர் ஒத்ததிர்வு, அதாவது அதிர்வு பெருகிவிடும் இடம், உண்டு. பாதங்களின் எண் அதற்கு நன்றாகக் கீழே இருக்க வேண்டும்.

கான்கிரீட் தரையென்றால் நன்றாக அமுங்கும் ஸ்பிரிங் போதும். நடந்தாலே அதிரும் மரத்தரையில் அதே ஸ்பிரிங் ஊஞ்சல்போல் ஆடி, முள்ளைத் துள்ள வைக்கும். அங்கே உறுதியான சுவரில் அடித்த அலமாரிதான் சரி.

பாதங்களைப் பொருத்தியதும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். டர்ன்டேபிளின் எடை நான்கு மூலைக்கும் ஒரே மாதிரி இருக்காது; மோட்டார் இருக்கும் பக்கம் கூடுதலாக இறங்கியிருந்தால், அங்கே கொஞ்சம் கடினமான ஸ்பிரிங்கை மாற்றிவிட்டு மறுபடியும் பலகையைத் தட்டிக் கேளுங்கள்.