அம்மாவின் பாட்டுப் புத்தகம்

வணக்கம். பேசக் கூப்பிட்டால் கிதாரோடு மேடை ஏறிவிட்டானே என்று பயப்படாதீர்கள், பாடப்போவதில்லை. ஒரு சத்தத்தை மட்டும் உங்களுக்குக் கேட்கவைக்க வேண்டும். இதோ ஒரு பத்து ரூபாய் நோட்டு. இதை நீளவாக்கில் மடித்து, கிதாரின் கழுத்துப் பக்கம், ஒரு தந்திக்கு மேலே அடுத்ததற்குக் கீழே என்று பாய் முடைகிற மாதிரி கோத்துவிடுகிறேன். இப்போது மீட்டுகிறேன். டும்-சிக்க, டும்-சிக்க. தந்தி பாடுவதை விட்டுவிட்டு மேளத்தின் வேலையைப் பார்க்கிறது, கேட்கிறதா? கூட்ஸ் வண்டி போகிற மாதிரி இல்லை?

1956இல் மெம்ஃபிஸில் 'ஐ வாக் த லைன்' பாட்டைப் பதிவுசெய்தபோது அமெரிக்காவின் கன்ட்ரி இசைப் பாடகர் ஜானி கேஷ் இப்படித்தான் தந்திகளுக்கு இடையே காகிதத்தைச் செருகி வாசித்தார். அவர் கோஷ்டியில் டிரம்ஸ் கிடையாது. கூட வாசித்த மார்ஷல் கிராண்டும் லூதர் பெர்கின்ஸும் கார் மெக்கானிக்குகள். கைக்கு வந்ததை வைத்து ஒப்பேற்றினார்கள், அந்த ஒப்பேற்றலே பிறகு உலகம் முழுக்க அவர்களுடைய அடையாளமாகிவிட்டது.

அமெரிக்கக் கிராமத்துப் பாட்டான கன்ட்ரி இசை என்றதும் தொப்பியும் குதிரையும் நினைவுக்கு வந்தால் அதை வாசலிலேயே விட்டுவிடுங்கள். நாம் போகவேண்டியது பருத்திக்காட்டுக்கு. ஆர்கன்சா மாநிலத்தில் டைஸ் என்று ஓர் ஊர். பொருளாதார வீழ்ச்சியில் நொடித்துப்போன விவசாயக் குடும்பங்களுக்காக ரூஸ்வெல்ட் அரசு உருவாக்கிய குடியிருப்பு அது. 1935இல் கேஷ் குடும்பம் அங்கே குடியேறியபோது ஜானிக்கு மூன்று வயது. 20 ஏக்கர் நிலம், ஒரு வீடு, ஒரு கோவேறு கழுதை, எல்லாம் கடனுக்கு. வெட்டித் திருத்தாத சதுப்பு நிலம். ஏழு பிள்ளைகளும் காட்டில் இறங்கித்தான் ஆகவேண்டும். பருத்தி எடுக்கும்போது அம்மா கேரி பாட ஆரம்பிப்பார், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். அவர் பாடியதெல்லாம் கிறிஸ்தவ ஞானப்பாட்டுகள். வெயில் ஏற ஏற, பரலோகத்தைப் பற்றிய பாட்டுகளாகவே வருமாம். அதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

பதினேழு வயது வாக்கில் பையனுக்குக் குரல் உடைந்து அடித்தொண்டைக்கு இறங்கியது. அதைக் கேட்ட அம்மா, இது உன் சொத்து இல்லை, கடவுள் கொடுத்த வரம் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவர் மகனுடைய குரலைப் பற்றிப் பேசினாலே 'வரம்' என்றுதான் சொல்வார். அதற்காக மற்றவர்கள் வீட்டுத் துணியைத் துவைத்துக் காசு சேர்த்து மகனைப் பாட்டு வகுப்புக்கும் அனுப்பினார். மூன்றே வகுப்பு. நீ யாரிடமும் பாட்டுக் கற்றுக்கொள்ளாதே, இருப்பது கெட்டுவிடும் என்று டீச்சரே திருப்பி அனுப்பிவிட்டார். நல்ல டீச்சர். ஆனால் அந்த 'வரம்' என்ற சொல்லை யோசித்துப் பாருங்கள். என்னுடையது என்றால் விற்கலாம், வீணாக்கலாம், யாரும் கேட்க முடியாது. வரம் என்றால் கணக்குக் கொடுக்கவேண்டும். அந்தக் கணக்கு அவரை வாழ்நாள் முழுக்க விடவில்லை.

இதற்கு முன்பே இன்னொரு கணக்கும் தொடங்கியிருந்தது. ஜானிக்கு ஜாக் என்று ஓர் அண்ணன். பைபிளும் கையுமாக இருப்பவன், கடவுளுக்கு ஊழியக்காரன் ஆகப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தவன். 1944 மே மாதம் ஒரு சனிக்கிழமை, மீன்பிடிக்கப் போகலாம் வா என்று தம்பி கூப்பிடுகிறான். வீட்டுக்குக் காசு வேண்டும், வேலை இருக்கிறது என்று அண்ணன் பள்ளிக்கூடப் பட்டறைக்கு மரம் அறுக்கப் போகிறான். மேசை ரம்பம் அவன் வயிற்றைக் கிழித்துவிட்டது. கிட்டத்தட்ட ஒரு வாரம் உயிர் இருந்தது. கடைசியில் அம்மாவைப் பார்த்து, தேவதூதர்கள் பாடுகிறார்கள், உனக்குக் கேட்கிறதா என்று கேட்டானாம். ஜானிக்கு அப்போது பன்னிரண்டு வயது. அடக்கம் முடிந்த கையோடு குடும்பமே மறுபடி பருத்திக்காட்டில் நின்றதை, அம்மா நடுக்காட்டில் முழங்கால் மடிந்து உட்கார்ந்ததை, ஜானி வயதான பிறகும் மறக்கவில்லை, தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். அவருடைய விசுவாசத்தைப் பற்றிப் பேசுகிற பலரும் பிற்கால மேடைகளையும் பிரபல போதகர் பில்லி கிரஹாமோடு இருந்த நட்பையும்தான் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் காடுதான் முதலில் நிற்கிறது. பாடப்போன அண்ணன், பாட்டை இங்கே விட்டுவிட்டுப் போன மாதிரி.

அப்புறம் விமானப்படை, நான்கு வருஷம், ஜெர்மனியில் ரஷ்யர்களின் மோர்ஸ் தந்தியை ஒட்டுக்கேட்கிற வேலை. அதைத் தாண்டிவிடலாம். 1954இல் மெம்ஃபிஸ் வந்து, வீடுவீடாகச் சாமான் விற்றுக்கொண்டே சன் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டுக் கம்பெனியின் கதவைத் தட்டுகிறார். பாட நினைத்தது என்ன? அம்மாவின் பாட்டுகள். முதலாளி சாம் பிலிப்ஸ் நல்ல காது உள்ளவர், ஆனால் வியாபாரி. ஞானப்பாட்டை என்னால் விற்க முடியாது, வேறு கொண்டுவா என்றார். கொண்டுவந்தார், புகழும் வந்தது. 1958இல் கொலம்பியா கம்பெனிக்கு மாறினார், அதற்கு ஒரு காரணமே அங்கே பக்திப்பாட்டு பாட விடுவார்கள் என்பதுதான். அடுத்த வருஷமே பக்திப்பாட்டுக்கென்று ஒரு முழு இசைத்தட்டு போட்டுவிட்டார்.

சரி, இங்கேதான் கதையை எல்லாரும் அழகாக்குவார்கள். போதை மாத்திரைக்கு அடிமையானான், விழுந்தான், ஜூன் கார்ட்டர் என்ற நல்ல பெண் கைகொடுத்தாள், கடவுளிடம் திரும்பினான், சுபம். சபையில் சாட்சி சொல்வதற்குக் கச்சிதமான கதை. எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. முதல் மனைவி விவியன் கலிஃபோர்னியாவில் ஒரு மலையடிவார வீட்டில் நான்கு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு, கணவன் எந்த ஊரில் இருக்கிறான், எந்த நிலையில் இருக்கிறான் என்று தெரியாமல் வருஷக்கணக்கில் காத்திருந்தார். 1965இல் எல் பாசோவில் மாத்திரையோடு கைதாகிப் பத்திரிகையில் படம் வந்தது. குடும்பத்தைப் பற்றி உருகிப் பாடிய ஆள் குடும்பத்தில் இல்லவே இல்லை. அதோடு, 1968இல் ஜூனைக் கல்யாணம் செய்த பிறகும் மாத்திரை திரும்பத் திரும்ப வந்தது. 1983இல் மறுபடி சிகிச்சைக்குப் போகிறார். விசுவாசம் அவருக்கு ஒருமுறை போட்டால் தீர்ந்துபோகிற தடுப்பூசி இல்லை. தினமும் காலையில் எழுந்து மறுபடி ஆரம்பிக்கவேண்டிய வேலை.

கன்ட்ரி இசையே அப்படித்தான் என்று தோன்றுகிறது. ஜூன் பிறந்த கார்ட்டர் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1927இல் பிரிஸ்டல் நகரில் தங்கள் முதல் இசைத்தட்டுக்குப் பாடியவர்கள், வீடு, அம்மா, கடவுள் என்று பாடியவர்கள். கட்டைவிரலால் கீழ்த்தந்திகளில் மெட்டையும் மற்ற விரலால் தாளத்தையும் வாசிக்கிற மேபெல் கார்ட்டரின் கை இன்றுவரை எல்லா கன்ட்ரி கிதாரிலும் இருக்கிறது. அந்தக் கோஷ்டியில் கணவன் மனைவியான ஏ.பி.யும் சாராவும் பிரிந்துவிட்டார்கள். பிரிந்த பிறகும் சில வருஷம் ஒரே மைக் முன்னால் நின்று குடும்பப் பாட்டு பாடினார்கள்! பொய் என்பீர்களா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். கிடைக்காத வீட்டைப் பற்றித்தானே மனிதன் அதிகம் பாடுகிறான்.

1968 ஜனவரி 13, கலிஃபோர்னியாவில் ஃபால்சம் சிறை, கைதிகளுக்காகக் கேஷின் கச்சேரி. முந்தின நாள் ராத்திரி, கைதிகளிடம் ஊழியம் செய்கிற ஒரு போதகர் கேஷிடம் ஒரு டேப்பைக் கொடுக்கிறார். க்ளென் ஷெர்லி என்ற கைதி எழுதிப் பாடியது, சிறைக்குள் இருக்கும் கருங்கல் தேவாலயத்தைப் பற்றி. ராத்திரியோடு ராத்திரியாகப் பாடிப் பழகி, மறுநாள் அதையே கடைசிப் பாட்டாகப் பாடினார். எழுதியவன் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறான், அவனுக்கு விஷயமே தெரியாது. அந்தப் பதிவைக் கேட்டுப்பாருங்கள். அந்த இடத்தில் கேஷ் யாருக்கும் புத்தி சொல்லவில்லை.

அப்பாவாக அவர் என்ன செய்தார்? மூத்த மகள் ரோசன் பள்ளிப்படிப்பை முடித்துவிட்டு அவரோடு கச்சேரிப் பயணம் போகிறாள், 1973. பஸ்ஸில் ஏதோ ஒரு பழைய பாட்டைச் சொல்கிறார், அவளுக்குத் தெரியவில்லை. இன்னொன்று, அதுவும் தெரியவில்லை. மனுஷன் பதறிப்போய், காகிதத்தை எடுத்து உட்கார்ந்து, நீ தெரிந்துகொள்ளவேண்டியவை என்று நூறு பாட்டுகளின் பெயரை எழுதிக் கையில் கொடுத்தார். பிள்ளை வளர்கிற காலத்தில் பக்கத்தில் இல்லாத அப்பன் கொடுக்க முடிந்தது அதுதான். அந்தக் காகிதத்தை அவள் தொலைக்கவில்லை. 2009இல், அப்பா போய் ஆறு வருஷம் கழித்து, அதிலிருந்து பன்னிரண்டு பாட்டுகளைப் பாடித் தட்டாக வெளியிட்டாள்.

2003 மே மாதம் ஜூன் இறந்தார். செப்டம்பரில் இவர். இடையில் நான்கு மாதம், பார்வை மங்கி, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி பாடிப் பதிவுசெய்துகொண்டே இருந்தார். அவர் பதிவுசெய்தவற்றில் ஒன்று, இறந்த பிறகுதான் வெளிவந்தது, பெயர் 'மை மதர்ஸ் ஹிம் புக்'. அம்மாவிடம் இருந்த கிழிந்த பாட்டுப் புத்தகத்திலிருந்து எடுத்த பாட்டுகள். சாம் பிலிப்ஸ் விற்க முடியாது என்றாரே, அவைதான். கோஷ்டி இல்லை. ஒரு குரல், ஒரு கிதார்.

இந்த நோட்டை எடுத்துவிடுகிறேன். தந்திகளுக்கு இடையே ஒன்றும் இல்லாமல் எப்படி இருக்கிறது என்று ஒரு நிமிஷம் கேளுங்கள், அவ்வளவுதான். அந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்துகிறீர்களா, தம்பி?